மல்லாட்டை எண்ணெயில் ஒரு முகம்

எழுதுகிற ஒருவர் எந்தச் சாயத்தில் படம் வரைகிறார் என்று சொன்னால் போதும், அவர் கதையில் யார் என்ன ஆவார்கள் என்று நான் சொல்லிவிடுவேன். இப்படி ஒரு ஜம்பம் எனக்கு ரொம்ப வருஷமாக இருந்தது. தபால் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு எழுத்தாள நண்பர் பால்பாயிண்ட் பேனாவில்தான் கோபுரம் வரைவார். ஒரு பொம்மையைக்கூட விட மாட்டார். அவர் கதையில் சாகப்போகிறவன்கூட கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் சாவான்.

ஜம்பத்துக்குக் காரணம் எங்கள் வீட்டு மாடி. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வீடு. மாடி அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். ஊருக்குத் திரும்பும்போது கொசுவலை, சால்வை, பாதி தீர்ந்த ஜாம் பாட்டில் என்று எதையாவது விட்டுப் போவார்கள். எண்பத்தொன்பதில் ஒரு அம்மாள் ஒரு பெட்டி நிறைய வண்ணங்களை விட்டுப் போனாள். வாட்டர் கலரும் இருந்தது, ஆயில் பெயிண்டும் இருந்தது. யோசிக்காமல் நான் வாட்டர் கலரை எடுத்துக்கொண்டேன். அக்கா ஆயில் பெயிண்டை எடுத்துக்கொண்டார்.

அக்கா கூடப்பிறந்தவர் இல்லை. கீழ்பென்னாத்தூரில் டீச்சர். என்னைப் போலவே எழுதுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வருவார். எழுதியதை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டிவிட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து வரைவோம்.

வாட்டர் கலரில் வைத்த கோடு வைத்ததுதான். வெளிச்சம் வேண்டுமென்றால் காகிதத்தை வெள்ளையாக விட்டுவிட வேண்டும். என் கதைகளும் அப்படித்தான். முக்கியமான இடத்தில் யாரும் பேச மாட்டார்கள், போனவர்கள் திரும்ப மாட்டார்கள். "உன் கதையில எல்லாரும் வாயத் தொறக்காமலே செத்துப்போறாங்க. ஒரு சண்டையாவது போட வைம்மா" என்பார் அக்கா.

அக்கா எழுதிக்கொண்டிருந்தது ஒரே ஒரு நாவல். வீட்டை விட்டுப் போன பையனுக்காகக் காத்திருக்கும் ஒரு குடும்பம். அது கற்பனை இல்லை என்று எனக்குத் தெரியும். அவருடைய தம்பி, அப்பா கைநீட்டிவிட்டார் என்று எழுபத்தொன்பதில் ஒரு நாள் காலையில் கிளம்பிப் போனவன். மலையடிவாரத்தில் சாமியார்களோடு அவனைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு பௌர்ணமிதோறும் கூட்டமெல்லாம் மலையைக் கும்பிட்டுக்கொண்டு நடக்கும்போது அக்கா மட்டும் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற தாடிக்காரர்களைப் பார்த்துக்கொண்டே நடப்பார்.

ஆயிலில் வரைந்ததும் அவனைத்தான். கான்வாஸ் ஒன்றே ஒன்று, எங்கள் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. முதலில் மீசை அரும்பின முகம். நன்றாகவே வந்திருந்தது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தாடையைச் சுரண்டுவார், கொஞ்ச நாள் கழித்துக் கண்ணைச் சுரண்டுவார். நாவலுக்கும் அதே கதி. ஒரு மாதம் பையன் திரும்பி வருவான், அடுத்த மாதம் வர மாட்டான். சென்னையில் ஒரு பதிப்பாளர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். ஆயில்காரர்கள் எதையும் முடிக்க மாட்டார்கள் என்று என் ஜம்பத்துக்குக் கொண்டாட்டம். அக்காவை நினைத்தால் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் சாயம் குழைக்கிற எண்ணெய் தீர்ந்துபோயிற்று. அது ஆளிவிதை எண்ணெய், நாளாக ஆகக் காய்ந்து இறுகிவிடும். எண்ணெய்தானே என்று அக்கா வீட்டு மல்லாட்டை எண்ணெயைப் பாட்டிலில் கொண்டுவந்து குழைத்துவிட்டார். சொந்த நிலத்து வேர்க்கடலை, செக்கில் ஆட்டியது. அது எங்கே காயும்? பொங்கல் வந்தும் காயவில்லை. சித்திரை வெயிலிலும் விரல் வைத்தால் ஒட்டிற்று. தூசி படிந்தது, எறும்பு வந்தது. "யாருக்கு வடை சுடறீங்க?" என்று கேட்டார் என் கணவர்.

நான் சும்மா இருப்பேனா? பாண்டிச்சேரிக்குப் போனவர் ஒருவரிடம் சொல்லி நல்ல எண்ணெய் வாங்கிவரச் செய்தேன். அக்கா சந்தோஷமாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறும் மல்லாட்டை எண்ணெய்தான். அதற்கடுத்த வருஷங்களிலும் அதேதான்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு, இதுதான் கடைசித் தடவை என்று பதிப்பாளர் சொல்லி அனுப்பினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நல்ல எண்ணெயில ஒருவாட்டி போட்டுட்டா காஞ்சிடும்க்கா. படம் முடிஞ்சிடும். நாவலையும் முடிச்சிக் குடுத்துடுங்க. இன்னும் எத்தினி வருஷம் திருத்துவீங்க?"

அக்கா பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை.

"திருத்தறேன்னா நெனச்சிக்கினு இருக்கே?" என்றார். "போம்போது அவனுக்குப் பதினெட்டு வயசு. அந்த மூஞ்சிய மனசுல வெச்சிக்கினு தேடினா, எதிர்ல வந்து நின்னாக்கூட எனக்குத் தெரியாதும்மா. வருஷாவருஷம் கொஞ்சம் வயசு ஏத்தறேன். காஞ்சிபோனா அதுமேல வேற ஆளத்தான் போடணும். அவனையே நவுத்த முடியாது."

அன்றைக்குத்தான் நான் அதை முகமாகப் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. முன்நெற்றி ஏறியிருந்தது.

"எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் முடி கொட்டிச்சி" என்றார்.

"நாவலு?" என்று மட்டும் கேட்டேன்.

"வந்துட்டான்னு எழுதினா பொய். செத்துட்டான்னு என் கையால எப்படி எழுதறது? அது கெடக்கட்டும், பதிப்பாளருக்கு இல்லேன்னு நீயே சொல்லிடு." பிரஷ்ஷை எண்ணெயில் தோய்த்தார். பிறகு சொன்னார்: "படத்த இங்க வெச்சிருக்கறது எங்க வீட்டுல எடம் கம்மின்னு இல்ல. நான் ஞாயித்துக்கெழமதான் வரேன். நீ தெனமும் இந்த ரோட்ல இருக்கே. நல்லா பாத்து வெச்சிக்கோ."

காதோரம் கொஞ்சம் நரை வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலையில் காவி கட்டிய ஒருவர் கேட்டைத் தட்டித் தண்ணீர் கேட்டார். இதற்கு முன்னால் எத்தனையோ பேருக்குச் செம்பை நீட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறேன். அன்றைக்கு அவர் குடித்து முடிக்கும்வரை நின்று நெற்றியைப் பார்த்தேன், தாடையைப் பார்த்தேன், காதோரம் பார்த்தேன். அவன் இல்லை. இவருக்கும் எங்கேயோ ஒரு அக்கா இருக்கலாம் என்று தோன்றியது. உள்ளே வந்து உட்காரச் சொல்லி இலை போட்டேன்.