டவர் கிடைக்காத முட்டைகள்

அண்ணி முட்டைப் பெட்டியைத் தூக்கி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டார் என்று தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! நல்லவேளை, நான் ஜமுனாமரத்தூரில் இருந்தேன், அவர் புதூர்நாட்டில் இருந்தார். கார்த்திகை மாதத்தில் அந்த ஜன்னல் வழியாகக் காற்று எப்படி வந்து அறையும் என்று அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா?

"இன்னா அண்ணி இது, காத்து அடிக்கிற எடத்துல போய் முட்டைய வெப்பாங்களா?" என்று ஃபோனில் கத்தினேன்.

"நீதான சொன்ன, பொட்டி மணிக்கொரு வாட்டி உங்கிட்ட பேசும்னு? உள் ரூம்ல டவர் இல்ல. டவர் இல்லன்னா அது எப்பிடி பேசும், பாவம்? அதான் ஜன்னலாண்ட வெச்சேன்."

அதுவும் சரிதான். அந்த வீட்டில் ஃபோனே ஜன்னலில்தான் குடியிருக்கிறது. கம்பியில் ஒரு மஞ்சப்பை தொங்கும், அதற்குள் ஃபோன். பேச வேண்டியவர்கள் அங்கே போய்க் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மழை வந்து அதுவும் போய்விட்டால், வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடிப் பாறைமேல் ஏற வேண்டும். டவர் நம்மைத் தேடி வராது, நாம்தான் போக வேண்டும் என்பது அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். பெட்டிக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

பெட்டி நான் செய்து கொடுத்தது, அடைக்கோழி இல்லாமல் பல்புச் சூட்டிலேயே குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர். பிழைப்புக்கு நான் செய்வதே அதுதான். தீப்பெட்டி அளவுக் கருவிகளுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுவது. திரை, கீபோர்டு எதுவும் இல்லாத அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர்களுக்கும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும். நான் பயன்படுத்துவது யாருக்கும் சொந்தமில்லாத ஒன்று. முகம் தெரியாதவர்கள் எங்கெங்கோ இருந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், படி, மாற்று என்று திறந்துபோட்டிருக்கிறார்கள். அதற்கு ரியல் டைம் என்று பெயர். பலர் அதை அதிவேகம் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் வேளைக்கு வருவதுதான் விஷயம். சொன்ன நேரத்தில் சொன்ன வேலை நடந்தாக வேண்டும். எனக்கு அதைப் படிப்பது ஒரு பைத்தியம். மற்றவர்கள் சீரியல் பார்க்கும் நேரத்தில் நான் யாரோ எழுதிய புரோகிராம் வரிகளைப் படித்துக்கொண்டு, அட, இப்படிக்கூடச் செய்யலாமா என்று தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பெட்டிக்கு மூன்று வேலை கொடுத்திருந்தேன். பல்பை ஏற்றி அணைத்துச் சூட்டைக் காப்பது, முட்டைகளைத் திருப்பி விடுவது, எனக்கு மெசேஜ் அனுப்புவது. முட்டை வைத்த சில நாட்களில் ஊருக்குள் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. காலையில் நன்றாக மேய்ந்த கோழி சாயங்காலம் கழுத்து திருகிக் கிடந்தது. அண்ணியின் கோழிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவை சும்மா கோழிகள் இல்லை. கல்யாணமாகி வரும்போது அமிர்திப் பக்கத்து அம்மா வீட்டிலிருந்து கூடையில் கொண்டுவந்த கறுப்புக் கழுத்துக் கோழிகளின் வம்சம். அந்த அம்மாவும் இப்போது இல்லை, அந்த வீடும் இல்லை.

"இனிமே எங்கம்மா வூட்டு கோழின்னா இந்தப் பொட்டில இருக்கிறதுதான்" என்றார் அண்ணி.

நோய்க்குப் பயந்துதான் கூடத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியை உள் அறைக்கு மாற்றினார். அன்றிலிருந்து எனக்கு மெசேஜ் வருவது நின்றது. பெட்டிக்குள் செருகியிருந்த சாதாரண தெர்மாமீட்டரும் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்ததாம். காற்றே புகாத கதகதப்பான அறையில்! இப்போது ஜன்னலுக்கு வந்த பிறகு சூடு எப்படி என்று கேட்டேன்.

"இங்க கப்புனு நிக்குது. அசையவே மாட்டேங்குது."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. குளிரில் வைத்தால் சூடு நிற்கிறது, கதகதப்பில் வைத்தால் தடுமாறுகிறது. இது என்ன கூத்து? பல்பா, வோல்டேஜா, சென்சாரா? எதுவும் பொருந்தவில்லை. சாப்பிடும்போதும் அதே யோசனை மண்டையைக் குடைந்தது. ஜன்னலிலேயே விட்டுவிடவும் முடியாது. புயல் மழை வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாரல் நேராகப் பெட்டிமேல்தான் விழும். மறுநாள் காலை லேப்டாப்போடு பஸ் ஏறி, மாறி, கடைசியில் அண்ணன் ஜீப்பில் போய் இறங்கினேன்.

முதல் வேலையாகப் பெட்டியை உள் அறைக்குக் கொண்டுபோனேன். அண்ணி வாசற்படியில் நின்றுகொண்டு, "பாத்து வைம்மா, பாத்து வைம்மா" என்று என் உயிரை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் தெர்மாமீட்டர் இறங்க ஆரம்பித்தது. ஆனால் பெட்டியில் நான் தனியாகப் பொருத்தியிருந்த சின்னத் திரையில் முப்பத்தேழரை என்ற எண் அப்படியே நின்றது. சென்சாரை உள்ளங்கையில் பொத்திப் பார்த்தேன். ஊதிப் பார்த்தேன். எண் அசையவில்லை. செத்துவிட்டதா என்றால், மெசேஜுக்கான நீல விளக்கு மட்டும் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி தூங்கவில்லை. டவர் தேடிக்கொண்டிருந்தது! முட்டையை மறந்து, பல்பை மறந்து, அதே வேலையாக இருந்தது. தேட ஆரம்பித்த நேரத்தில் பல்பு எரிந்துகொண்டிருந்தால் எரிந்தபடியே, அணைந்திருந்தால் அணைந்தபடியே விட்டுவிட்டது. எப்போதாவது டவர் ஒரு கணம் எட்டிப்பார்த்தால் பல்பைக் கவனிக்கும்; மெசேஜ் போவதற்குள் டவர் போய்விடும், மறுபடி தேடும்.

ஏன் என்று பார்க்க சிஸ்டத்தின் புரோகிராமைத் திறந்தேன். எந்த வேலை முதலில் என்று அது தீர்மானிக்கும் இடம் சில வரிகள்தான். யாருக்கு முன்னுரிமை அதிகமோ அவர் ஓடலாம். அவராக, நான் காத்திருக்கிறேன், நீ போ என்று சொல்லும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டும். இதை அண்ணனுக்குச் சொன்னேன்.

"நம்ம மலை ரோடுதான்" என்றார் உடனே. "ஏர்ற வண்டிக்குத்தான் வழி விடணும். ஏர்றவன் வளைவுல வண்டிய நிறுத்தி ஃபோன் பேசிக்கினு இருந்தான்னு வெச்சிக்கோ, அப்பறம் ஆம்புலன்ஸே வந்தாலும் நிக்க வேண்டியதுதான்."

அதேதான். மெசேஜ் அனுப்பும் பகுதியை இணையத்தில் யாரோ மாதிரிக்காகப் போட்டு வைத்திருந்ததிலிருந்து எடுத்திருந்தேன். அதில் மெசேஜுக்குத்தான் முதல் இடம். டவர் கிடைக்கும்வரை தேடு, மூச்சு விடாமல் தேடு. என் ஜமுனாமரத்தூர் வீட்டில் சோதித்தபோது டவர் உடனே கிடைத்ததால் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அதை எழுதிய ஆள் எந்த ஊராக இருக்கும் என்று யோசித்தேன். வாழ்நாளில் ஒருமுறைகூட ஃபோனை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருக்க மாட்டார்.

மாற்றி எழுதினேன். முதலில் சூடு, பிறகு முட்டை திருப்புவது, கடைசியில்தான் பேச்சு. டவர் இல்லையென்றால் கொஞ்சம் தூங்கி எழுந்து தேடு. மறுபடி சென்சாரைக் கையில் பொத்தினேன். எண் மளமளவென்று ஏறியது.

"அப்ப இனிமே இது பேசாதா?" என்றார் அண்ணி.

"டவர் கெடைச்சா பேசும் அண்ணி. இல்லன்னா வாய மூடிக்கினு வேலைய பாக்கும்."

"உங்கண்ணனுக்கு இது எவ்வளவோ தேவல."

கோழிகள் போன பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

ஊர் திரும்பினேன், மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் டவரும் போய்விட்டது; பெட்டியிடமிருந்தும் பேச்சில்லை, அண்ணியிடமிருந்தும் பேச்சில்லை. அந்த மெசேஜ் பகுதியை எழுதியவருக்கு என் திருத்தத்தை அனுப்பி, டவர் இல்லாத இடத்தில் முட்டைப் பெட்டி படும் பாட்டையும் விளக்கியிருந்தேன். நன்றி சொல்லித் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டவர், கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தார். குஞ்சு பொரித்ததா? எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல. நான் போவதற்குள்ளேயே முட்டைக்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தால்? செத்த முட்டைகளுக்குத்தான் பெட்டி இப்போது ஒழுங்காகச் சூடு கொடுத்துக்கொண்டிருக்கிறதா? வேலையே ஓடவில்லை எனக்கு.

முட்டை வைத்து, குஞ்சு பொரிக்க வேண்டிய மூன்று வாரம் ஆகிவிட்டிருந்தது. ஒரு மத்தியானம் அண்ணியின் ஃபோன் வந்தது. ஒரே காற்றுச் சத்தம், மழைச் சத்தம், நடுவில் அவர் மூச்சு வாங்குவது. புளியமரத்துப் பாறைமேல் நிற்கிறார் என்று புரிந்தது.

"அண்ணி, இன்னா ஆச்சு? சொல்லுங்க அண்ணி!"

"இரும்மா, இரு. மடியில இருந்து எடுக்கணும்."

ஏதோ துணி உரசியது. பிறகு என் காதுக்குள், அவ்வளவு காற்றையும் மீறி, கீச், கீச், கீச்.

"பாதி போச்சு. பாதி வந்துடுச்சி. இது கறுப்பு கழுத்து" என்றார். குரல் உடைந்திருந்தது.

எனக்கும் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதை மறைக்கத்தான் சண்டை பிடித்தேன். "இந்த மழையில பச்சைக் குஞ்சத் தூக்கிக்கினு பாறை ஏறுவாங்களா அண்ணி?"

"பின்ன? வூட்டுக்குள்ள டவர் இல்லியே. அது எப்பிடி உங்கிட்ட பேசும், பாவம்?"