கயிறு விழுந்தால் நிற்கும் குதிரை

லிங்கராஜ் பழக்கிய குதிரை என்றால் பார்த்ததுமே தெரிந்துவிடும் என்பார்கள். கையிலிருந்து கயிறு நழுவித் தரையில் விழுந்தால் அது நின்ற இடத்தில் நின்றுவிடும். யார் கூப்பிட்டாலும் வராது. லிங்கராஜே கூப்பிட்டாலும் வராது. யாராவது கயிற்றைக் கையில் எடுத்தால்தான் அடுத்த அடி.

இதை அவன் வேடிக்கை காட்டுவதற்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை. துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு குதிரை வண்டிப் பந்தயம் பார்க்கப் போயிருந்தான். வண்டியிலிருந்து விழுந்த ஒருவனின் மணிக்கட்டில் கடிவாளக் கயிறு சுற்றிக்கொண்டது. குதிரை மிரண்டு ஓடியது. சாலையோரம் நின்ற லிங்கராஜின் கண் முன்னால்தான் அந்த ஆள் இழுபட்டுப் போனான். முதலில் கத்தினான், பிறகு கத்தவில்லை. ஒரு குதிரைக்கு நிற்கத் தெரிந்திருந்தால் போதுமே என்ற நினைப்பு அவனை விடவே இல்லை. இரண்டு வருஷத்தில் லாரியை விட்டுவிட்டு, ஆறுமுகநேரிக்கு மேற்கே ஒரு குளத்துக்கரைக்குக் கீழே கொட்டகை போட்டான். பழகாத குட்டிகளை அவனிடம் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்கள். சவுக்கு கிடையாது. பட்டினி போடுவது கிடையாது. மூன்று மாதம், நான்கு மாதம் ஆனாலும் ஆகட்டும் என்று பக்கத்திலேயே கிடப்பான்.

வெள்ளம் வந்த அந்த டிசம்பரில் கொட்டகையில் மூன்று குதிரைகள் இருந்தன. வெள்ளைச்சி அவனுடைய சொந்தக் குதிரை. வயதானது, சாது. வேறு கையில் பழகி வந்தது; கயிறு விழுந்தால் நிற்கும் பழக்கம் அதற்கு மட்டும் கிடையாது. சுல்தான் காயல்பட்டினத்து மொகுதூமுடைய செவலைக் குட்டி. மொகுதூமுக்கு துபாயில் வேலை. மூன்றாவது, சாத்தான்குளத்திலிருந்து வந்து பதினோரு நாளே ஆன ஒரு பொட்டைக்குட்டி. கடிக்கும், உதைக்கும். தலையில் இன்னும் கயிறே ஏறவில்லை.

லிங்கராஜ் பழக்கியதிலேயே சுல்தான்தான் கெட்டிக்காரன். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு லிங்கராஜ் டீ குடிக்கப் போவான். திரும்பி வரும்வரை அது வாலைக்கூட யோசித்துத்தான் ஆட்டும்.

மழை ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விடவில்லை. திங்கட்கிழமை விடிந்து வெளிச்சம் வந்த நேரத்தில் குளம் உடைந்தது. சத்தம் கேட்டு லிங்கராஜும் அவன் மனைவி செல்லத்தாயும் வெளியே வந்தபோது தண்ணீர் முழங்காலில் இருந்தது. கொட்டகையில் குதிரைகளை அவிழ்ப்பதற்குள் இடுப்புக்கு வந்துவிட்டது. மேடு என்று கண்ணுக்குத் தெரிந்தது கிழக்கே ரயில் தண்டவாளம் ஒன்றுதான். நடுவில் இருநூறு மீட்டர் வயல்.

"வெள்ளைச்சிய நீ புடிச்சுக்கோ. அது பாத்து நடக்கும். நான் சுல்தானக் கொண்டாரேன்" என்றான்.

"அந்தப் பொட்டக்குட்டி?"

"அது கிட்ட போனாலே கடிக்கி. கதவத் தெறந்து விட்டுட்டேன். அதுக்கு விதி இருந்தா வரட்டும்."

பாதி தூரம் நன்றாகத்தான் வந்தார்கள். வயல் நடுவே ஒரு வாய்க்கால் உண்டு. தண்ணீரில் அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. செல்லத்தாய் அதற்குள் காலை வைத்துவிட்டாள். அவள் தலை உள்ளே போனது. வெள்ளைச்சியின் கயிறு அவள் கையை விட்டது. லிங்கராஜ் யோசிக்கவில்லை. கையிலிருந்ததை விட்டுவிட்டுப் பாய்ந்தான். முதலில் அவள் முடி கிடைத்தது, பிறகு தோள். அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கால் பாவியும் பாவாமலும், எப்படித் தண்டவாளத்து மேட்டில் ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. மேலே நின்ற ஒருவர் கை கொடுத்து இழுத்தார். அவர் பெயர் டெரன்ஸ். புன்னைக்காயல்காரர். பைக் நின்றுபோய் அங்கே ஒதுங்கியிருந்தார்.

வெள்ளைச்சி தானாக நீந்தி வந்து கரையேறியது. அதன் பின்னாலேயே, கயிறே அறியாத அந்தப் பொட்டைக்குட்டியும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நீந்தி வந்து ஏறியது.

சுல்தான் வரவில்லை.

லிங்கராஜ் திரும்பிப் பார்த்தான். கயிறு நழுவிய இடத்தில் அது நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் வயிற்றுக்கு மேல் ஓடியது. உடம்பெல்லாம் நடுங்கியது. காது இரண்டும் அவனைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

"சுல்தான்! வாடா! வந்திருடா!"

அது தலையை அசைத்தது. கால் பெயரவில்லை.

"ஏன் வர மாட்டேங்கு? அடிபட்டிருக்கா?" என்று டெரன்ஸ் கேட்டார்.

"இல்ல. நான் சொல்லிக் குடுத்தது" என்றான் லிங்கராஜ்.

டெரன்ஸ் பைக்கிலிருந்த நைலான் கயிற்றை எடுத்து அவன் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். லிங்கராஜ் இறங்கினான். அதற்குள் இழுப்பு கூடியிருந்தது; இருபது அடி போவதற்குள் தண்ணீர் அவனைப் புரட்டிவிட்டது. டெரன்ஸ் இழுத்துக் கரையில் போட்டார். மறுபடி இறங்கினான். மறுபடி இழுத்துப் போட்டார். மூன்றாம் முறை செல்லத்தாய் அவன் கால் இரண்டையும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவன் தரையில் குப்புறக் கிடந்தபடியே அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு கெட்ட வார்த்தையில் ஏசினான். ஏசினால் கோபித்துக்கொண்டாவது ஓடாதா என்று. தண்ணீர் முதுகை மூடியது. பிறகு கழுத்தை. கடைசியில் வெள்ளம்தான் அதை அந்த இடத்திலிருந்து பெயர்த்தது.

மூன்றாம் நாள் போனில் சிக்னல் வந்ததும் துபாய்க்குப் பேசினான். மொகுதூம் முதலில் கேட்டது, "நீயும் தங்கச்சியும் சொகமா இருக்கீகளா?" என்றுதான். "அல்லா குடுத்தான், எடுத்துக்கிட்டான். நீ மனச விடாத லிங்கராஜு" என்றார். வெள்ளம் அடித்துப் போய்விட்டது என்று மட்டும் லிங்கராஜ் சொன்னான். நின்றதைச் சொல்லவில்லை.

ஒரு மாதம் அவன் கயிற்றைத் தொடவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவான். ஒருநாள் அவன் கை கழுவும்போது செல்லத்தாய் எதிரே வந்து நின்றாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு என்னய விட்டுட்டுக் கயித்தப் புடிச்சிருக்கணும்னு நெனக்கீகளா?"

"சீ, என்ன பேச்சு" என்று சொன்னான். ஆனால் உடனே சொல்லவில்லை. அந்த இடைவெளி இருவருக்கும் தெரிந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அன்று முழுவதும் அவன் வீட்டுக்குள் வரவில்லை.

பெருநாளுக்கு மொகுதூம் ஊருக்கு வந்திருந்தார். கொட்டகைக்கே வந்து உட்கார்ந்தார். புதுக்குட்டி ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். "சுல்தான் மாதிரியே நிக்கணும். அந்தப் பழக்கத்த உன்னத் தவிர யாரும் குடுக்க முடியாது."

லிங்கராஜால் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. காயல்பட்டினத்தில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல், "காக்கா, அது அப்படி நின்னுதான் செத்துச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். காது திரும்பியிருந்ததையும் சொன்னான்.

மொகுதூம் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார். "இத நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். எழுந்து போனார். புதுக்குட்டி வரவில்லை.

அந்தப் பொட்டைக்குட்டி ஒருநாள் தானாகவே தலையைக் கொடுத்தது. கயிறு போட்டான், நடக்க வைத்தான், வண்டியில் பூட்டினான். கயிறு விழுந்தால் நிற்க மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தால் அந்த வயல் கண்ணில் வந்து நின்றது. சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று இருந்தால் சாலையில் இழுபட்டுப் போன ஆள் வந்தான். இரண்டுக்கும் நடுவில் மாதங்கள் போயின. கடைசியில் குட்டியின் சொந்தக்காரர் சங்கரபாண்டியன் லோடு வண்டியோடு வந்தார். "அண்ணாச்சி, கயிறு விழுந்தா நிக்கத் தெரியாத குருதைய வச்சு நான் எப்படி ஓட்டுதது?" என்று வருத்தத்தோடு கேட்டுவிட்டு அதை ஏற்றிக்கொண்டு போனார். வேறொருவரிடம் விட்டிருப்பதாகக் கேள்வி. அவர் சவுக்கு வைத்திருப்பவர்.

இப்போது லிங்கராஜ் வாரத்தில் நான்கு நாள் மறுபடி கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். வீட்டில் இருக்கும் நாட்களில் வெள்ளைச்சிக்குப் புல் போட வருகிறான். காலையில் அதை நடத்திக் கூட்டிப்போவது செல்லத்தாய்தான். அவன் வேலியோரம் நின்று, அவள் எந்தப் பக்கம் கால் வைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.