நாலு பல் சாக்கெட் தேடி: ரவாங்கிலிருந்து இரண்டு நாள், ஐந்து ரயில்

கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டீரிங் கழுத்தில் இருக்கும் வட்ட நட்டைத் திருப்பும் சாக்கெட் கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கே கிடைக்கும் என்று நான்கு நாள் போனில் தேடிப் பார்த்தேன். தமிழில் யாரும் எழுதவில்லை. இணையத்தில் வாங்கலாம், ஆனால் ஒரு வாரம் ஆகும். எங்கள் வீட்டில் பார்சலை வாங்குவது அம்மா. அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்றுதான் நான் கிளம்பினேன்.

நடந்தது இதுதான். பிரேக் பிடிக்கும்போது தன் வண்டியின் முன்பக்கம் டக் டக் என்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். ஸ்டீரிங் லூஸ் என்று வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தேன். சாதாரண நட்டுக்கு ஆறு பக்கம் இருக்கும். இந்த நட்டு வட்டமானது, விளிம்பில் நான்கு பள்ளம் மட்டும் இருக்கும். நான்கு பல் உள்ள சாக்கெட் வேண்டும். அது இல்லாததால் எங்கள் பக்கத்துப் போமன்கள், அதாவது மெக்கானிக்குகள், எல்லாரும் பள்ளத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டுவார்கள். அம்மா தூங்கும் ஒரு மதியத்தில் நானும் அப்படியே தட்டினேன். டக் டக் நின்றுவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் அளவுக்கு மேல் இறுக்கிவிட்டேன். ஸ்டீரிங் தானாகத் திரும்பவில்லை. மெதுவாகப் போனால் வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு, ரவுண்ட் அபவுட்டில் அம்மா காலை ஊன்றி நின்றபோது, ஒரு லோரி ஒரு முழம் தள்ளிப் போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து, "என் கையில பலமே இல்ல. திருப்ப முடியல," என்றார். பக்கத்து வீட்டு ஆன்டிக்குப் பக்கவாதம் வந்ததும் இப்படித்தான் தொடங்கியதாம். அன்றிலிருந்து ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் சொல்லிக் காலை ஷிப்ட்டை விட்டுவிடப் போவதாகவும் வண்டியை விற்கப் போவதாகவும் சொன்னார். வீட்டில் நானும் அம்மாவும்தான். அந்த ஷிப்ட் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

நட்டைத் தளர்த்தலாம் என்று மறுபடி தட்டினேன். பள்ளம் சிதைந்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸில் தோழிகளோடு படிக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ரவாங்கில் 7.42 கொமுட்டர் ரயிலில் ஏறினேன். பையில் அறிவியல் புத்தகமும் ஒரு தாளும் இருந்தன. நட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்திருந்தேன். அடிக்கோல் வைத்து அளந்தால் விட்டம் 38 மில்லிமீட்டர். ரயில் பத்து நிமிடம் எங்கோ நின்றது. கே.எல். சென்ட்ரல் வந்தபோது 8.45. கட்டணம் 3 வெள்ளி 60 காசு.

பிரிக்பீல்ட்ஸில் ஹார்ட்வேர் கடை ஒன்பதரைக்குத்தான் திறந்தது. சேலைக் கடை வாசலில் தீபாவளி விளக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடை திறக்கும்வரை அவர்களின் ஏணியைச் சுற்றிச் சுற்றி நடந்ததில் கால் வலித்தது. கடையில் இருந்த அண்ணன் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னம்மா, முறுக்கு அச்சா?"

"ஸ்டீரிங் நட்டுண்ணே."

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்த? ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு சுத்தியல். ரெண்டு தட்டு தட்டுனா முடிஞ்சுது."

"அதத்தான் செஞ்சேன்."

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். கொக்கி ஸ்பேனர் ஒன்றை எடுத்துக் காட்டினார், 28 வெள்ளி. கொக்கி தடிமன், பள்ளத்தில் இறங்காது. கிள்ளானில் ஒரு மோட்டார் பட்டறையில் பழைய சாக்கெட்டை அறுத்து இப்படிப் பல் வைத்துக் கொடுப்பார்கள் என்று தாளின் பின்பக்கம் வழி வரைந்து கொடுத்தார்.

அடுத்த ரயில் 10.20. அதே தடம்தான், மாற வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து தூங்கி விழுந்தேன். கிள்ளானில் இறங்கியபோது 11.25. ஸ்டேஷனிலிருந்து லிட்டில் இந்தியா வழியாக நடந்தால் பட்டறைக்குப் பன்னிரண்டு நிமிடம். எனக்கு அரை மணி ஆனது, இரண்டு முறை தப்பான சந்தில் திரும்பினேன். வெயில் மண்டையில் இறங்கியது.

பட்டறை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே சாம்பிராணிப் புகை. வாழை இலையில் ஸ்பேனர், சாக்கெட், சுத்தியல் எல்லாம் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு படுத்திருந்தன. வெல்டிங் மெஷினுக்கு மாலை. அப்போதுதான் ஆயுத பூஜை என்பது என் மண்டையில் உறைத்தது. காலையில் அம்மா என் பாடப் புத்தகங்களைச் சாமி முன்னால் அடுக்கச் சொன்னபோதுகூட, அறிவியலை மட்டும் உருவிக்கொண்டு வந்தவள் நான்.

"வாம்மா, சுண்டல் எடுத்துக்கோ," என்றார் பட்டுப்புடவை கட்டிய ஒரு அக்கா. அவரும் அவர் கணவரும்தான் பட்டறையை நடத்துகிறார்கள். இலையில் மூன்றாவது வரிசையில், நான்கு பல்லோடு ஒரு சாக்கெட் இருந்தது. காட்டினேன்.

"இன்னிக்கு எடுக்க முடியாதுலா. நாளைக்குக் காலையில பூஜ முடிச்சுத்தான் கை வைப்போம்."

"அஞ்சு நிமிஷ வேலதான்கா. வாடகைக்குக் கொடுத்தாக்கூடப் போதும்."

அவர் கணவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "அந்த முருகனே வந்து வேல கூர் தீட்டிக் கொடுன்னாலும் நாளைக்குத்தான்மா!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஞாயிறு ஓவர்டைம், அம்மா காலையில் மறுபடி அந்த வண்டியை எடுப்பார், தப்பு என்னுடையது, அம்மா தன் கை போய்விட்டது என்று நினைக்கிறார் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. "நாளைக்கு அம்மா வண்டிய எடுக்கக் கூடாது, அவ்ளோதானே? அதுக்கு எதுக்கு ஸ்பேனர்? வாயத் தொறந்தா போதும்." சுண்டலைத் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டிக் கையில் திணித்தார். "ஒம்பது மணிக்கு வா. ஒனக்குன்னு எடுத்து வைக்கிறேன்."

திரும்பும் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம், நின்றுகொண்டே வந்தேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு வாக்கியம் தயார் செய்தேன், அடுத்த ஸ்டேஷனில் அழித்தேன்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். அம்மா பந்தை அமுக்குவதை நிறுத்தினார்.

"அப்ப என் கைக்கு ஒண்ணும் இல்லயா?"

"இல்லம்மா."

"நெசமா? கைக்கு ஒண்ணும் இல்லயா?"

அம்மா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்த பிறகுதான் என் முதுகில் அடி விழுந்தது. இரண்டு.

ஞாயிறு அம்மா தன்னுடன் வேலை செய்பவரின் காரில் போனார். நான் மறுபடி கிள்ளான் போனேன். சாக்கெட் 35 வெள்ளி, புது நட்டு 6 வெள்ளி. பள்ளம் சிதைந்த நட்டில் நல்ல சாக்கெட்டும் வழுக்கும் (என்னுடையது நான்காவது முயற்சியில்தான் கழன்றது), ஆகவே புது நட்டு கட்டாயம் வாங்குங்கள். தாளில் அச்செடுத்துப் போவதைவிட நட்டின் விட்டத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்து போவது நல்லது. பட்டறையில் புது நட்டை அளந்து பார்த்தபோது என் கணக்கு ஒன்றரை மில்லிமீட்டர் தப்பு. நல்லவேளை, அக்கா முதல் நாளே எங்கள் வண்டியின் மாடலைக் கேட்டுத்தான் எடுத்து வைத்திருந்தார்.

இறுக்கும் விதமும் அவர் சொன்னதுதான். முதலில் இறுக்கி, ஹேண்டிலைப் பத்துத் தடவை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்ப வேண்டும். பிறகு நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்த வேண்டும். எஞ்சின் அடியில் கட்டை வைத்து முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை விரலால் தொட்டால் தானாக ஒரு பக்கம் சாய வேண்டும். சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. திருப்பும்போது ஹேண்டில் நடுவில் சிக்கினால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம், அதை நீங்களே செய்ய வேண்டாம், பட்டறையில் கொடுங்கள். எங்கள் வண்டியில் சிக்கவில்லை. நான் ஒன்பது முறை பார்த்தேன். ஆயுத பூஜை அன்று மட்டும் தமிழர் பட்டறைக்குப் போகாதீர்கள். போனால் சுண்டல் கிடைக்கும்.

சாயங்காலம் அம்மா பிளாட்டைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓட்டினார். சாப்பிடும்போதுதான் சொன்னார்.

"நாளைக்கு நீயும் பின்னால ஏறு. ஸ்கூல்ல எறக்கி விட்டுட்டு வேலைக்குப் போறேன்."

"அஞ்சே முக்காலுக்கா? கேட்டே தொறந்திருக்காதும்மா."

"வெளிய நில்லு. நீ முடுக்கின வண்டிலா. நீ ஏறாம வேற யாரு ஏறுவா?"

அம்மா தூங்கிவிட்டார். இந்த இணையப் பக்கத்தில் நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. போர்வைக்குள் வெளிச்சம் தெரியாமல் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன், கண் எரிகிறது. கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் தளர்த்தினேன், நன்றாக நினைவிருக்கிறது. நாளைக்கு அந்த ரவுண்ட் அபவுட் வரும்போது அம்மாவின் இடுப்பைப் பிடிப்பேனா, கண்ணை மூடிக்கொள்வேனா என்று தெரியவில்லை. ஏறுவேன் என்று மட்டும் தெரியும்.