திண்டிவனத்துச் சூட்டில் பிழைத்த ஸ்ட்ராபெரி

காலை ஆறு மணிக்கு விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியபோது கொடைக்கானல் ஸ்வெட்டர் இன்னும் என் உடம்பில்தான் இருந்தது. பங்குனி மாதத்தில் இந்த ஊரில் ஸ்வெட்டர் போட்டவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் ஊர் சுற்ற வரவில்லை. எங்கள் ஸ்ட்ராபெரிச் செடி பிழைத்ததா இல்லையா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

கல்யாணமான வருடம் நானும் என் மனைவி செல்வியும் சேர்ந்து போட்ட பாத்தி அது. கொடியில் விடும் கன்றையே எடுத்தெடுத்து அதே இடத்தில் நட்டு இத்தனை காலம் ஓட்டிவிட்டோம். அடடா, அந்தப் பழம்! பறித்து வைத்தால் வீடே மணக்கும். இப்போது கடையில் விற்பது பார்க்க அழகு, வாயில் போட்டால் வெறும் தண்ணீர்.

இலை ஓரம் மஞ்சளித்துச் சுருங்கியபோது சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போட்டேன், மருந்தடித்தேன். பழம் சுண்டைக்காய் அளவுக்கு வந்து நின்றது. வைரஸ் என்றார்கள். அதற்கு மருந்தே கிடையாதாம். தாய்ச்செடியின் நோய் கன்றுக்கும் போய்விடுமாம். அந்த ரகமோ எங்களைத் தவிர வேறு யாரிடமும் இல்லை.

ஏழு மணிக்குத் திண்டிவனம் பஸ். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கண்டக்டர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இன்னா சார், ஸ்வெட்டர் போட்டுக்கினு உக்காந்திருக்கீங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“கொடைக்கானல்லேர்ந்து வர்றேன்ப்பா.”

“நாங்க வெயிலு தாங்காம அங்க ஓடிக்கினு இருக்கோம், நீங்க இங்க வர்றீங்களே!”

“என் செடி இங்க வைத்தியத்துல இருக்கு” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து நகர்ந்தார்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்கு நடுவே பஸ் நின்றபோது ஸ்வெட்டரைக் கழற்றினேன். திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் சாலையில் ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். வாழைக்கன்றும் கரும்பு நாற்றும் பாட்டிலில் வளர்த்து விற்கிற சின்ன ஆய்வுக்கூடம் அங்கே இருக்கிறது. நடத்துபவர் மல்லிகா. ஸ்ட்ராபெரி அவர் தொழில் இல்லை; நான் அனுப்பிவைத்த எங்கள் செடிகளை ஒரு ஆசைக்கு எடுத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

“மொதல்ல மல்லாட்டை சாப்டுங்க சார்” என்று வேகவைத்த வேர்க்கடலையை நீட்டினார். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “செடி?” என்றேன்.

செடிகளைப் பல வாரம் சூட்டு அறையில் வைத்து வைரஸை ஒடுக்கியிருக்கிறார். பிறகு கடுகைவிடச் சின்னதாகக் குருத்தின் நுனியை மட்டும் வெட்டிப் பாட்டிலில் வளர்த்திருக்கிறார். பிழைத்தது ஒரே ஒரு நுனி. அதிலிருந்து வந்த செடியின் இலையை, காட்டில் வளரும் ஸ்ட்ராபெரிச் செடி ஒன்றில் ஒட்டுக் கட்டியிருந்தார். நோய் மிச்சமிருந்தால் காட்டுச்செடியின் புது இலை காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தத் தொட்டியை என் முன்னால் வைத்தார். புது இலைகள் விரிந்து, சுருக்கமோ மஞ்சளோ இல்லாமல் பச்சைப்பசேல் என்று இருந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன்.

“பழைய பாத்தி இன்னும் இருக்குதா சார்?”

“இருக்கு, ஒரு ஓரமா.”

“இன்னா சார் நீங்க! அசுவினிப் பூச்சி அதக் கடிச்சுட்டு வந்து இதக் கடிக்க எவ்ளோ நேரம் ஆவும்? ஒண்ணுகூட வுடாம புடுங்கி எரிச்சுட்டுச் சொல்லுங்க. அப்பதான் இதக் குடுப்பேன்.”

அதே செடியின் குருத்துதான் இங்கே பாட்டிலில் இருக்கிறது. தெரியும். ஆனாலும் செல்வியும் நானும் மண்ணில் முட்டி போட்டு நட்ட பாத்தி அது. வெளியே வந்து அவளைப் போனில் கூப்பிட்டேன்.

“செல்வி, செடி பொழைச்சிருச்சு.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மல்லிகா சொன்னதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“இன்னைக்குக் கிளம்பாதீங்க. அங்கயே தங்கிட்டு நாளைக்கு வாங்க” என்றாள்.

“எதுக்கு?”

“நீங்க இருந்தா புடுங்க விடமாட்டீங்க. நான் ஒத்தையில புடுங்கிர்றேன்.”

பஸ் ஸ்டாண்டுக்குப் போய், திண்டிவனத்திலேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன்.