சாலமோன் அண்ணனின் கேட்

சாலமோன் அண்ணன் யாரையும் நம்பமாட்டார். கடையில் வாங்கிய டீயைக்கூடக் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு மில்லின் கேட்டில் செக்யூரிட்டியாக நின்றே அவருடைய வாலிபம் போனது. மில் மூடியதும் ஸ்டேஷன் ரோட்டில் பிரவுசிங் சென்டர் திறந்தார். கேட்டில் கற்ற பாடத்தை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். உள்ளே வருகிறவனிடம் பெயர் கேட்டால் போதும், வெளியே போகிறவனைத்தான் டிபன் கேரியர்வரை திறந்து பார்க்கவேண்டும். மில்லிலிருந்து செம்புக் கம்பி அப்படித்தான் திருட்டுப் போகுமாம்.

கம்ப்யூட்டர்களில் வைரஸ் புகுந்து பேஜாராக்கியபோது, ரிப்பேர் பார்க்க வந்த பென்னி ஃபயர்வால் போட்டுக் கொடுத்தான். கம்ப்யூட்டரிலிருந்து நெட்டுக்கு வெளியே போகப் பார்க்கும் ஒவ்வொரு புரோகிராமின் பெயரையும் சொல்லி, விடட்டுமா, தடுக்கட்டுமா என்று அது கேட்கும். அண்ணனுக்குப் போன வேலை திரும்பக் கிடைத்த மாதிரி ஆயிற்று.

"தெரியாத பேரு வந்தா நெட்ல தேடிப் பாத்துட்டு அமுக்குண்ணா" என்றான் பென்னி.

"நல்லாக்கீதே! திருடனாண்டயே போய் நீ திருடனான்னு கேக்கச் சொல்றியா?"

பாவம், கடிகாரத்தைச் சரிசெய்யும் புரோகிராமைக்கூடத் திருப்பி அனுப்பினார். கடைக்கு வருகிற எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. நசீராவின் வெள்ளிக்கிழமை வரும்வரை.

நசீராவின் புருஷன் ரிஜ்வான் சார்ஜாவில் இருந்தான். வாராவாரம் வெள்ளிக்கிழமை அங்கே அவன் ஒரு பிரவுசிங் கடையில் உட்காருவான், இங்கே இவள் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வாள். அவளுக்குக் கீபோர்டில் அடிக்க வராது, பேச்சு மட்டும்தான். அந்த வாரம் அவனுடைய ஒப்பந்தம் முடிந்தது. ஊருக்கு வருவதா, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா? அவள் வாயால் கேட்டுவிட்டு முடிவுசெய்வதாகச் சொல்லியிருந்தான். வந்துவிடு என்று சொல்லத்தான் அவள் வந்தாள். கைக்குழந்தையாக விட்டுப்போன பெண் அப்பாவைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறது.

அன்று காலை, அவர்கள் பேசும் மெசஞ்சர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. குரலை வெளியே கொண்டுபோகும் அதன் புரோகிராம் வேறு பெயரில் வந்து நின்றது. ஃபயர்வால் கேட்டது. "நேத்து ஒரு பேரு, இன்னிக்கு ஒரு பேரா? ஃபிராடு" என்று அண்ணன் தடுத்துவிட்டார். மறுபடி கேட்காதே என்ற கட்டத்திலும் டிக் அடித்தார்.

ரிஜ்வானின் குரல் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் குரல்தான் போகவில்லை.

"நசீரா, சொல்லு. வரட்டா, இருக்கட்டா? சூப்பர்வைசர் பேப்பரோட கேம்ப்ல நின்னுக்கினுகீறாரு."

"வந்துடுங்க!" என்றாள். பிறகு கத்தினாள். அண்ணன் ஓடிவந்து மைக்கைச் சந்தேகப்பட்டார். ஒயரை ஆட்டினார். காலையில் அங்கே உட்கார்ந்த காலேஜ் பசங்கள் மைக்கை மாற்றி எடுத்துப்போய்விட்டதாகத் திட்டினார். ஃபயர்வாலை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. அவளுக்காக ரெண்டு வார்த்தை கீபோர்டில் அடித்து அனுப்பவும் அந்த அவசரத்தில் தோன்றவில்லை.

"இருந்துகினே பேசமாட்ற, இல்ல? நான் வர்றதுல உனுக்கு இஷ்டமில்ல போல" என்றான் ரிஜ்வான். "சரி. கையெழுத்துப் போட்டுடறேன்."

அவன் பெயருக்குப் பக்கத்தில் எரிந்த பச்சை விளக்கு அணைந்தது. திருப்பிக் கூப்பிட அவளிடம் நம்பர் எதுவும் இல்லை.

அப்போதுதான் அண்ணனுக்குப் பொறி தட்டியது. ஃபயர்வாலைத் திறந்து, காலையில் தடுத்த புரோகிராமை வெளியே விட்டுவிட்டு, "காலைல நாந்தான் தடுத்துட்டேன். இப்போ பேசும்மா, போவும்" என்றார்.

நசீரா ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

"வெளிய போறவனத்தான் சோதிக்கணும்னு சொல்லுவீங்களே அண்ணே, நான் இன்னா திருடிகினு போனேன்?"