பக்கத்து நிலத்துக்காரி

அம்மா இறந்த ஏழாம் வாரம் அவள் பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

ஊர்த் திட்டக்குழு அனுப்பியது. கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய பழைய உருளைக்கிழங்கு வயலில் முப்பத்துநான்கு வாடகை வீடுகள் வரப்போகின்றன. ஆலையில் கட்டி, லாரியில் கொண்டுவந்து இறக்கும் வீடுகள். பக்கத்து நிலத்தின் உரிமையாளர் என்ற முறையில் ஓடெட் மிஷோ ஏப்ரல் பதினான்காம் தேதிக் கூட்டத்தில் தன் கருத்தைச் சொல்லலாம் என்று எழுதியிருந்தது.

அம்மாவுக்கு ஏது நிலம்? முப்பத்தேழு வருடம் அவளும் அப்படி ஒரு வீட்டில்தான் இருந்தாள். வீடு சொந்தம், அடியில் இருக்கும் மண் வாடகை. யாராவது அதை டிரெய்லர் என்றால், "டிரெய்லர்னா சக்கரம் இருக்கணும். எங்க இருக்குன்னு குனிஞ்சு பாரு" என்பாள். சிலர் குனிந்து பார்த்திருக்கிறார்கள்.

ஊர் எழுத்தர் மார்லீனுக்குப் போன் செய்தேன்.

"ஐநூறு அடிக்குள்ள பத்திரம் வச்சிருக்கிற எல்லாருக்கும் அனுப்பணும்னு விதி, கண்ணு. கல்லறை மனைக்கும் பத்திரம் இருக்குல்ல? அதான் அனுப்பிட்டேன்."

"மொத்தம் எத்தனை பேருக்கு?"

"அம்பத்திரண்டு. நாப்பத்தொண்ணு திரும்பி வந்துருச்சு." கொஞ்சம் யோசித்தாள். "வீடு மாறிட்டாங்க."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. 2011இல் அம்மா ஒரு மனை வாங்கினாள். நான்கடிக்குப் பத்தடி, மேற்கு ஓரத்துக் கடைசி வரிசை. அப்பா வடக்கே அவர் குடும்பத்து மனையில் இருக்கிறார். அங்கே இடம் தீர்ந்துவிட்டது. இங்கே ஏன் ஓரமாக வாங்கினாய் என்று கேட்டேன். "அங்கதான் சவ வண்டி திரும்ப இடமிருக்கு" என்றாள். அவள் வாழ்நாளில் வாங்கிய நிலம் அது ஒன்றுதான்.

இருபத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். ஆறாம் எண் வண்டி, நாற்பதடி நீளம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துச் சாலைகள் அவளுக்கு இரண்டே வகை: வண்டி திரும்பும் சாலை, திரும்பாத சாலை.

1998 ஜனவரியில் பனிமழை கொட்டியது. எங்கள் குடியிருப்புக்கு ஒரே வழி. அதன் குறுக்கே ஒரு பைன் மரம் விழுந்தது. அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. அம்மாவும் நானும் அப்பாவைப் பனிச்சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். அறுநூற்றுப் பத்து அடி. பின்னாளில் அளந்து பார்த்தேன். எனக்கு அப்போது பதினாறு வயது. அப்பா வழியிலேயே போய்விட்டார்.

நான் சாலைப் பொறியாளரானேன். அம்மா திட்டக்குழுக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தாள். மாதத்தின் இரண்டாம் செவ்வாய், மூன்றாம் வரிசை, ஓர நாற்காலி. கடையோ பண்ணையோ தேவாலயமோ, எந்தத் திட்டம் வந்தாலும் அவளுக்கு ஒரே கேள்வி. அவள் கை தூக்கும்போதே குழுத் தலைவர் எல்வுட் பிரே, "வண்டி எங்க திரும்பும்னு எழுதிக்கோ மார்லீன், நேரம் மிச்சம்" என்பார்.

"பதிலையும் எழுதிக்கச் சொல்லுங்க எல்வுட்" என்பாள் அம்மா.

இந்த முப்பத்துநான்கு வீடுகளின் திட்டம் முதலில் இந்த ஜனவரியில் குழுவுக்கு வந்தது. கட்டப்போகிறவர் கர்ட் லாஸ்கி. உள்ளே போக ஒரே சாலை. அதன் முடிவில் வண்டி திரும்ப ஒரு சின்ன இடம். அம்மா முந்தின நாள் காலை உணவு அட்டைப் பெட்டியை வெட்டி, வரைபடத்தின் அளவுக்கே ஒரு தீயணைப்பு வண்டி செய்தாள். கம்ப்யூட்டரில் நான் ஐந்து நிமிடத்தில் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"உன் கம்ப்யூட்டர் கூட்டத்துக்கு வருமா?"

கூட்டத்தில் மேசைமேல் விரித்த வரைபடத்தில் அந்த அட்டை வண்டியை ஓட்டினாள். எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். வண்டி பதினேழாம் எண் வீட்டின் முன்படியில் ஏறி நின்றது.

"பின்னாடி எடுங்க" என்றார் லாஸ்கி.

"எடுத்துட்டேன். இப்ப பதினெட்டுக்குள்ள இருக்கேன்."

தீயணைப்புத் தலைவர் அன்றே எழுதிக் கொடுத்தார்: இரண்டாவது வழி இல்லாமல் அனுமதி கிடையாது. அட்டை வண்டி ஆவண எண் நான்காகப் பதிவானது. மார்லீன் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தாள்.

பிப்ரவரி மூன்றாம் தேதி அம்மா சமையலறையில் விழுந்தாள். ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்தது. வழியில் தடை எதுவும் இல்லை. வண்டி நன்றாகத் திரும்பியது.

இங்கே குளிர்காலத்தில் குழி வெட்ட முடியாது. கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு கல் அறை இருக்கிறது. மே மாதம் மண் இளகும் வரை அம்மாவை அதில் வைத்தோம்.

மார்ச்சில் லாஸ்கி புதிய வரைபடம் கொடுத்தார். இரண்டாவது வழிக்கு ஒரே இடம்தான்: கல்லறைத் தோட்டத்தின் மேற்கு ஓரம், இருபதடி அகலம். அங்கே யாரையும் இன்னும் புதைக்கவில்லை. கொடுக்க ஊருக்குச் சம்மதம். அந்தப் பட்டையில் விற்றுப்போன மனை ஒன்றே ஒன்று. அம்மாவுடையது.

அதாவது நான் கையெழுத்துப் போட்டால் முப்பத்துநான்கு வீடுகள் வரும். போடாவிட்டால் வராது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அம்மாவின் கைப்பையைத் திறந்தேன். தைரியம் வர அவ்வளவு நாளாயிற்று. உள்ளே இருமல் மிட்டாய், அட்டை வண்டி, நான்காக மடித்த மனைப் பத்திரம். பத்திரத்தின் பின்பக்கம் கல்லறைத் தோட்டத்தின் வரைபடம். அதில் மேற்கு ஓரமாகப் பென்சிலால் இரண்டு கோடுகள், அவள் மனைக்கு மேலேயே. பக்கத்தில் அவள் கையெழுத்து: "20 அடி போதும். பிப். கூட்டத்தில் சொல்லணும்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபதடி போதும்.

ஏப்ரல் பதினான்கு. அரங்கு நிறைந்திருந்தது.

"மனைக்காரங்க வந்திருக்காங்களா?" என்று எல்வுட் கேட்டார்.

"அம்மா இறந்துட்டாங்க எல்வுட்."

"தெரியும் பொண்ணே, பெட்டியைத் தூக்கினதே நான்தான். பதிவுக்காகக் கேக்கறேன். இப்ப எங்க இருக்காங்க?"

"கல் அறையில."

"அப்ப ஊர் எல்லைக்குள்ளதான். மார்லீன், எழுதிக்கோ. உரிமையாளர் ஊரில் இருக்கிறார், கூட்டத்துக்கு வர இயலவில்லை. சார்பாக மகள்."

மலைச்சாலையில் குடியிருக்கும் தெல்மா எழுந்தாள். இந்த வீடுகள் வரக்கூடாது என்று மூன்று மாதமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தவள். என் பக்கம் திரும்பி மெதுவாகப் பேசினாள்.

"கையெழுத்துப் போட்டுடாதே கண்ணு. உங்கம்மா ஆசையா வாங்கின இடம். பக்கத்துல டிரெய்லரா வந்து நின்னா அவங்களால நிம்மதியா தூங்க முடியுமா?"

"முப்பத்தேழு வருஷம் டிரெய்லர்லதான் தூங்கினாங்க" என்றேன். அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா கேட்டிருந்தால் திருத்தியிருப்பாள்.

பத்திரத்தின் பின்பக்கத்தை எல்வுட்டிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தார். பிறகு உறுப்பினர்களிடம் நீட்டினார்.

"அவங்க கேள்விக்கு இருபத்தெட்டு வருஷத்துல ஒருத்தரும் ஒழுங்கா பதில் சொல்லல. கடைசியில அவங்களே சொல்லியிருக்காங்க" என்றார். "இதுக்கு ஆவண எண் என்ன?"

"பதினொண்ணு" என்றாள் மார்லீன். மூக்கைச் சிந்திவிட்டு எழுதினாள்.

நான் கையெழுத்துப் போட்டேன். நான்குக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது. நிபந்தனை: இரண்டாவது வழியில் எந்தக் காலத்திலும் பூட்டுப் போடக்கூடாது, வீடு வாடகைக்குப் போகும் முன் வழி தயாராக வேண்டும். அம்மாவுக்கு மாற்று மனையாக ஒன்பதாம் வரிசையில் இடம் தந்தார்கள். நடுவில், மேப்பிள் மரத்தடியில். நல்ல இடம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

மே பதினாறாம் தேதி அடக்கம் செய்தோம். சடங்கு முடிந்ததும் சவ வண்டி ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி இரண்டு பக்கமும் பார்த்தார். ஒன்பதாம் வரிசைப் பாதை மிகவும் குறுகல்.

"ஏம்மா, இங்க வண்டி எங்க திரும்பும்?"

"திரும்பாது" என்றேன். "பின்னாலயே போகணும். நூத்தி நாப்பது அடி."

வண்டிக்குப் பின்னால் போய் நின்று கை காட்டினேன். இடப்பக்கம் கொஞ்சம். நேராக. வாங்க, வாங்க, இன்னும் இடமிருக்கு.