பொட்டு வைத்த பாம்பு முட்டைகள்

ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டில் மகள் நஞ்சில்லாத பாம்புகள் வளர்க்கிறாள். பாம்புத் தெய்வமான நாகதம்பிரானைக் கும்பிடுகிற எனக்கு அதில் மறுப்பில்லை. ஒரு பாம்பு ஆறு முட்டை இட்டது; அவற்றை அவள் ஒரு சூட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை, அவள் வேலைக்குப் போனபின், முட்டைகளின் மேலிருந்த பென்சில் கோடுகளை அழுக்கென்று துடைத்து, அதே இடத்தில் சந்தனப் பொட்டு வைத்தேன். பெட்டியை மூடும்போது கை தட்டி முட்டைகள் உருண்டுவிட்டன. பயந்து அவளுக்குப் போன் எடுத்தேன்.

“ஐயோ அம்மா! கோடு இருந்ததுதான் மேல்பக்கம். பிரண்டு கிடந்தால் குஞ்சு உள்ளுக்கையே செத்துப்போகும்!”

“கோடு இல்லைப் பிள்ளை, பொட்டு இருக்கு.”

“முட்டைக்கும் பொட்டா? சரி, பொட்டு மேல வாற மாதிரி வையுங்கோ. கெதியா!”

ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். சில வாரங்களில் ஐந்து குஞ்சுகள் பொரித்தன. இப்போது அவளைக் கேட்காமல் பெட்டியைத் தொடுவதில்லை; அறை வாசலில் நின்றே கும்பிடுகிறேன். வராத அந்த ஒன்றுக்காக இன்னும் மன்னிப்புக் கேட்கிறேன்.